டிப்பில்தான் இருந்தேன்

அத்தியாயம் ஏழு

குற்றவாளியை நாங்கள் தேடத் தொடங்கியது காலை பத்து மணிக்கு. கண்டுபிடித்தது மதியம் மூன்று மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் நான் வழக்கம்போல ஜோக் அடித்துக்கொண்டே இருந்தேன். இப்போது அவற்றைத் திருப்பிச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவற்றில் பாதி யாரைப் பற்றியவை என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி பாஸ். இன்னொருவன் நான். பாஸ் என்பவள் வேறு யாருமில்லை, என் மனைவியின் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நசுங்கிய வண்டிகளை எட்டு வருடம் பார்வையிட்டவள். மனிதர்கள் சொல்வதைவிட வண்டிகள் சொல்வதை அதிகம் நம்புவாள். நான் அவளை "பாஸ்" என்பேன், அவள் என்னை "அத்தான்" என்பாள். வெளியாட்கள் முன்னால் இந்த அத்தான் வேண்டாம், எனக்கென்று ஒரு கெத்து இருக்கிறது என்று பலமுறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "சரி அத்தான்" என்பாள்.

அன்று வியாழக்கிழமை. கையில் எக்ஸ்ரே உறையோடு ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டறார். போன வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளைய இறக்கி விட்டுட்டுக் காலி வண்டியோட வந்திருக்கார். மரக்கிடங்குச் செவுத்துல போய் மோதிடுச்சு. முட்டி ஒடைஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கார். ஸ்கூல்ல அவர் தூங்கிட்டார்னு சொல்றாங்க."

"தூங்கினாரா?" என்று கேட்டாள் பாஸ். அவள் எப்போதும் இப்படித்தான், பூசி மெழுகத் தெரியாது.

"இருபத்திரண்டு வருஷமா ஓட்டறாருங்க. பகல்ல அவர் கண்ணசந்து நான் பார்த்ததே இல்ல. எதிர்ல வந்த கார் லைட்டு கண்ணுல அடிச்சுதுன்னார். போலீஸ்ல அந்தத் தெருவுல விசாரிச்சாங்க. அப்படி ஒரு காரை யாரும் பார்க்கலயாம். இன்னைக்கு நாலு மணிக்கு ஸ்கூல்ல விசாரணை. தூங்கிட்டார்னு எழுதிட்டாங்கன்னா அவ்வளவுதான், அவரை நம்பி இனிமே யாரும் ஒரு பிள்ளையக்கூட ஏத்தி அனுப்ப மாட்டாங்க."

அந்த அம்மா எக்ஸ்ரே உறையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"அதுகூடப் போகட்டும். நேத்துலேர்ந்து அவரே கேக்க ஆரம்பிச்சுட்டார். ஒருவேளை நான் தூங்கித்தான் போயிட்டேனோன்னு."

பாஸ் பேனாவை மூடினாள். "நாலு மணிக்குள்ள அந்தக் காரைப் பிடிக்கணும்."

"பஸ்ஸைப் பிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகும் பாஸ்," என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

என் காரில் கிளம்பினோம். எங்கே போனாலும் என் காரில்தான். நான் ஓட்டுவேன், அவள் யோசிப்பாள். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டிரைவர் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். ஒல்லியான மனிதர். படுக்கையிலும் சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார், மனைவி தோளைப் பிடித்து அழுத்தினார்.

"ஆறே முக்கால் இருக்கும் மேடம். இருட்ட ஆரம்பிச்ச நேரம். எதிர்ல ஒரு கார் வந்துச்சு. ரெண்டு லைட்டுல ஒண்ணு ஒழுங்கா ரோட்டைப் பார்த்துச்சு. என் பக்கம் இருந்தது நேரா என் மூஞ்சியப் பார்த்துச்சு."

"ஹை பீமா?"

"அப்படித்தான் நெனச்சேன். டிப் பண்ணுப்பான்னு ரெண்டு தடவை லைட் அடிச்சுக் காமிச்சேன். அந்த ஆளு என்ன பண்ணார் தெரியுங்களா? பதிலுக்கு முழு வெளிச்சத்தையும் மூஞ்சியில போட்டு எடுத்தார். அப்புறம் எனக்கு வெள்ளையா ஒரு திரைதான் தெரிஞ்சுது. அது விலகினப்ப முன்னால செவுரு."

பாஸ் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். "ரெண்டு லைட்டும் ஒரே கலரா?"

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "இல்லைங்க. ஒழுங்கா இருந்தது டீத்தண்ணி கலரு. என்னை அடிச்சது பால் வெள்ளை."

"பால் தனியா டீ தனியா கொண்டு வந்திருக்கான். கலந்து குடிச்சிட்டுத் தெளிவா ஓட்டியிருக்கலாம்," என்றேன் நான்.

டிரைவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் உடம்பு குலுங்கி, கால் வலித்து, முகம் சுருங்கியது. அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் நகர்ந்து சுவரோரம் நின்றேன்.

"ஒரு பக்கம் பழைய பல்பு, இன்னொரு பக்கம் புதுசு," என்றாள் பாஸ். "ஒண்ணை மட்டும் மாத்தியிருக்கான்."

"கஞ்சன். ஜோடியா மாத்தறதுதானே முறை," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. நானும் ஒன்றைத்தான் மாற்றியிருந்தேன். இரண்டு வாரம் இருக்கும். அதனால் என்ன, ஊரில் ஆயிரம் பேர் ஒற்றைப் பல்பு மாற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் நினைவு வந்தது. போன வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போகும்போது எதிரே வந்த ஒரு வண்டிக்காரன் என்னைப் பார்த்து லைட் அடித்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏனென்றால் நான் வெளிச்சத்தைத் தாழ்த்தி டிப்பில்தான் இருந்தேன். டிப்பில் இருப்பவனிடம் வந்து டிப் பண்ணு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 'நான் டிப்புலதான்டா இருக்கேன், ஹை பீம்னா எப்படி இருக்கும்னு பாரு' என்று ஒரு தடவை முழு வெளிச்சத்தைப் போட்டு எடுத்தேன். கார் ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான்.

ஆனால் இந்த டிரைவரின் கண்ணைக் கெடுத்தவன் ஹை பீமில் வந்தவன். நான் டிப்பில் வந்தவன். ஆகவே அவன் வேறு, நான் வேறு. இதில் ஓட்டையே இல்லை. ஓட்டையே இல்லாத இந்த நியாயத்தை அன்று முழுவதும் நான் ஏழெட்டு முறை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது டிரைவர் பாஸைக் கூப்பிட்டார். "மேடம், மறைக்காம சொல்லுங்க. தூங்கறவனுக்குக் கனவுல இந்த மாதிரி வெளிச்சம் வருமா?"

"கனவுல வர்ற காருக்கு ரெண்டு லைட்டும் ஒரே கலர்ல இருக்கும்," என்றாள் பாஸ். "பொய் சொல்றவங்க காருக்கும்தான். டீத்தண்ணியும் பாலும் நிஜமான கார்லதான் வரும்."

அவர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மரக்கிடங்குச் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. கீழே செங்கல் தூள். நான் தினமும் வீட்டுக்குப் போகிற ரோடு அது. போன வெள்ளிக்கிழமையே அந்த ஓட்டையை நான் பார்த்திருந்தேன். எவனோ குடித்துவிட்டு இடித்திருக்கிறான் என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

பாஸ் சுவரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள்.

"போலீஸ் யார்கிட்ட விசாரிச்சிருப்பாங்க அத்தான்?"

"கீழ இருக்கிற கடைக்காரங்ககிட்ட. நடந்து போறவங்ககிட்ட."

"ரோட்டுல இருக்கிறவன் ரோட்டைப் பார்ப்பான். நமக்கு வேணும்கிற வெளிச்சம் ரோட்டுல விழல. மூஞ்சிக்கு ஏறின வெளிச்சம் அதோட நிக்குமா? வாங்க மேல."

இரண்டாம் மாடியில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். அறை முழுக்கத் திரைச்சீலைகள், பாதி தைத்தும் தைக்காமலும். ஜன்னலோரம் மெஷின். வாயில் இரண்டு குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசினார். எப்போது விழுங்குவாரோ என்று எனக்கு ஒரே கவலை.

"மோதினதை நான் பார்க்கலம்மா. டமார்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. என் லைட்டு வந்துச்சு, போச்சு. அப்புறம்தான் சத்தம்."

"உங்க லைட்டா?"

அந்த அம்மா குண்டூசிகளை எடுத்துவிட்டு விட்டத்தைக் காட்டினார். "சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கீழேர்ந்து ஒரு வெளிச்சம் வரும். அந்த மூலையில ஏறி, சீலிங்குல ஓடி, இந்த மூலையில இறங்கிப் போயிடும். எத்தனையோ கார் போகுது, வேற எதோட வெளிச்சமும் என் ஜன்னலைத் தாண்டி மேல வராது. அது வந்தா நான் மெஷினை மூடிட்டு எழுந்துருவேன். கடிகாரம் பார்க்கிற வேலை மிச்சம்."

"இதைப் போலீஸ்ல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"எதிர்ல வந்த காரைப் பார்த்தீங்களான்னு கேட்டாங்க தம்பி. காரை நான் எங்க பார்த்தேன்? லைட்டைத்தானே பார்த்தேன். இல்லைன்னு சொன்னேன்."

பாஸ் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் ஓடியது.

"எத்தனை நாளா வருது இந்த லைட்டு?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"தினமும் வருமா?"

"ஞாயித்துக்கிழமை வராது. மத்த நாள் தவறாம வரும். சத்தம் கேட்ட மறுநாளும் வந்துச்சு. சனிக்கிழமை வந்துச்சு, திங்கள் வந்துச்சு. செவ்வாய்க்கிழமைதான் வரல. அன்னைக்கு நேரம் தெரியாம ஏழரை வரைக்கும் தைச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். நேத்து மறுபடி வந்துடுச்சு."

பாஸ் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். செவ்வாய் என்று எழுதினாள். பேனா நின்றது. பிறகு அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அடியில் கோடு போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பல் வலி. தாடை வீங்கி வீட்டில் கிடந்தேன். போனில் லீவு கேட்டேன். லீவு கொடுத்தவள் பாஸ்.

படி இறங்கும்போது அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். முதல் மாடித் திருப்பத்தில் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"பல் வலி இப்ப எப்படி இருக்கு அத்தான்?"

"பரவால்ல."

"நல்லது," என்றாள். இரண்டு படி கழித்து, "ஒரு மணி நேரமா ஜோக்கே வரலையே," என்றாள்.

சிரித்து வைத்தேன். அது எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. ஊரில் செவ்வாய்க்கிழமை லீவு போட்டவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் ஒத்துப்போகட்டும், ஒன்று மட்டும் ஒத்துப்போகாது. அந்தக் கார் வெளிச்சத்தைத் தூக்கிப் போட்டு வந்தது. நான் டிப்பில்தான் இருந்தேன்.

அடுத்துப் போனது ஒரு பட்டறைக்கு. அதன் சொந்தக்காரர் ஹெட்லைட்டைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். எஞ்சினே கழன்று விழுந்தாலும் பக்கத்துக் கடையைக் கைகாட்டுவார். அதனால் அவருக்குக் கண் டாக்டர் என்று பெயர். அவரும் அதை ரசித்து, வாசல் பலகையில் 'வாகனக் கண் சிகிச்சை' என்றே எழுதிப் போட்டிருந்தார். தோளில் சுத்தமான ஒரு வெள்ளைத் துணி. ஒரு பல்பை எடுப்பதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"எந்த வியாதின்னு சொல்லுங்க," என்றார். "கண்ணாடி மஞ்சப் பூத்திருந்தா அது புரை. தேய்ச்சு எடுத்துடலாம். உள்ள தண்ணி கோர்த்திருந்தா சீல் போயிருக்கும். இண்டிகேட்டர் போடறப்ப ஹெட்லைட்டும் சேர்ந்து கண்ணடிச்சா எர்த் சரியில்ல. எந்த வியாதி உங்களுது?"

"எங்களுது இல்ல, தேடற காரோடது," என்றேன் அவசரமாக.

பாஸ் சொன்னாள். "ஒரு லைட்டு ஒழுங்கா விழுது. இன்னொண்ணு ரெண்டாம் மாடி சீலிங் வரைக்கும் ஏறுது. ஏறுறது புதுப் பல்பு."

"டிக்கியில பாரம் ஏத்தியிருந்தா ரெண்டும் சேர்ந்து தூக்கும். ஒண்ணு மட்டும் தூக்குதுன்னா, அதுவும் புதுப் பல்புன்னா," என்று அவர் பல்பைத் துணியோடு பிடித்து எங்கள் கண்ணுக்கு நேரே நீட்டினார். "இதுக்கு மூணு காது இருக்கு பாருங்க. இந்த அகலக் காது மேல வரணும். அவசரக்காரன் தலைகீழா வெச்சு அழுத்துவான். சில வண்டியில உட்கார்ந்தும் தொலைச்சுடும். அப்புறம் என்னாகும்? எரியும். சுவிட்சு போட்டா டிப் விழும், ஹை பீம் விழும். எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே இருக்கும். ஆனா டிப்புல இருக்கறப்ப கீழ விழ வேண்டிய வெளிச்சம் மேல போகும். மரத்து மேல காக்கா தேடும்."

"ஓட்டறவனுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் பாஸ்.

"எப்படித் தெரியும்? சுவிட்சு டிப்புலதானே இருக்கு. எதிர்ல வர்றவன் கண்ணு கூசி லைட் அடிச்சான்னா இவனுக்குக் கோபம்தான் வரும். நான் டிப்புலதான் இருக்கேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவான்."

இத்தனை நேரம் நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு அதுதான். அதையும் அவர் துணியால் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இந்தத் தப்பை யார் பண்ணுவா?"

"மெக்கானிக் பண்ண மாட்டான். போன்ல வீடியோ பார்த்துட்டு வீட்டு வாசல்லயே தானா மாத்தறான் பாருங்க, அவன் பண்ணுவான். பல்பு கண்ணாடியைக் கையாலயும் தொடுவான். விரல்ல இருக்கிற எண்ணெய் அதுல ஒட்டிக்கிட்டுச் சூட்டுல வெந்து கொப்புளம் போட்டுடும். அதையும் பார்க்கலாம்."

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசல். வீடியோ பாதியில் இருக்கும்போது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மீதி எனக்கே தெரியும் என்று வேலையை ஆரம்பித்தேன். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "இது இப்படித்தான் போகுமாங்க? இடிக்குதே," என்றாள். "டக்குன்னு சத்தம் வந்தா சரியா உட்கார்ந்துடுச்சுன்னு அர்த்தம்," என்றேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். டக்கென்று சத்தம் வந்தது.

"எங்களுக்குப் புரியற மாதிரி செவுத்துல காட்டுங்களேன்," என்றாள் பாஸ். "நல்ல லைட்டு எப்படி விழும்னு பார்த்து வெச்சுக்கறோம். நம்ம கார்தான் வெளிய நிக்குது. அத்தான், உள்ள கொண்டு வாங்க."

அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரை உள்ளே கொண்டு வந்தேன். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தச் சொன்னார் கண் டாக்டர். ஷட்டரை இழுத்து இறக்கினார், பட்டறை இருட்டானது. ஹெட்லைட் உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். "நல்ல டிப்பு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. போடுங்க சார்."

டிப்பைப் போட்டேன்.

இடப்பக்கத்து வெளிச்சம் மஞ்சளாக, கோட்டுக்குக் கீழே பாய் விரித்தது போல அடங்கிக் கிடந்தது. வலப்பக்கத்து வெளிச்சம் வெள்ளையாகக் கோட்டில் ஏறி, கோட்டைத் தாண்டி, சுவர் முழுக்க ஏறி, தகரக் கூரைவரை போயிருந்தது. கூரையின் துருவெல்லாம் தெரிந்தது.

விஷயம் தெரியாத கண் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அடடே, நோயாளியக் கூட்டிக்கிட்டேதான் சுத்தறீங்களா?"

காலையிலிருந்து அந்தக் காரில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தக் காரைத் தேடியிருக்கிறோம். இது என் ஜோக் இல்லை. ஆனால் அன்றைய ஜோக்குகளிலேயே பெரியது இதுதான்.

அவர் மறுபடி கை கழுவிவிட்டு வந்தார். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "கொப்புளமும் இருக்கு. கட்டைவிரலை வெச்சு நல்லா அழுத்தியிருக்கீங்க. நகருங்க, ரெண்டு நிமிஷம். திருப்பி வெச்சுடறேன்."

ரெண்டு நிமிஷம். அதை நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் ஆசைப்பட்டேன். பல்பு நேராகிவிட்டால் என் கார் ஊரில் உள்ள எல்லாக் கார்களையும் போல ஆகிவிடும். தையல்கார அம்மா காரைப் பார்க்கவில்லை. டிரைவரும் நம்பரைப் பார்க்கவில்லை. பாஸ் என் மனைவியின் தங்கை. நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். அந்த மனிதர் தான் தூங்கிவிட்டதாகவே நம்பிக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டிவிடுவார்.

பாஸ் நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு உதவி செய்யும் எண்ணம் அவளுக்கு இல்லை.

கண் டாக்டரின் விரல்கள் பல்புக்குப் பின்னால் இருந்த கம்பியைத் தொட்டன.

"தொடாதீங்க," என்றேன்.

"ஏன் சார்?"

"அது அப்படியே இருக்கட்டும். நாலு மணிக்கு ஒரு இடத்துல காட்டணும்."

அவர் என்னையும் பாஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சிக்னலில் நின்றோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" அன்று முதல் முறையாகப் பாஸ் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அந்தம்மா செவ்வாய்க்கிழமைன்னு சொன்னப்ப."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன் அத்தான். ஒவ்வொரு படியிலயும் நெனச்சேன்."

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள். "சத்தம் கேட்டுச்சா அன்னைக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். மதியத்திலிருந்தே அது எனக்குள் உட்கார்ந்திருந்தது.

"கேட்டுச்சு. பின்னாடி எங்கயோ டமார்னு. லாரி டயர் வெடிச்சுதுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, நெனச்சுக்கிட்டீங்களா?"

பதில் சொல்ல எனக்கு ஒரு தெரு நீளம் ஆனது. அந்தச் சத்தம் கேட்டபோது கண்ணாடியில் பின்னால் பார்க்க என் கண் போனது. போன கண்ணை நான்தான் திருப்பிக்கொண்டேன். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

"நெனச்சுக்கிட்டேன்," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காவின் முகத்தை அப்போது அவள் நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

விசாரணை பள்ளிக்கூட நூலகத்தில் நடந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை, வேன்களைக் கவனிக்கும் மேலாளர், இன்னும் இரண்டு பேர். டிரைவரை ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்திருந்தார்கள். மனைவி பின்னால் நின்றார். மேலாளர் கையிலிருந்த காகிதத்தில் ஏற்கெனவே பாதி எழுதப்பட்டிருந்தது.

பாஸ் பேசுவதற்கு வாயைத் திறந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

"எதிர்ல வந்த காரை ஓட்டினது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழாக வைத்து அழுத்திய பல்பு. அவர் டிப் பண்ணச் சொல்லி லைட் அடித்தது. கோபத்தில் நான் முழு வெளிச்சத்தைப் போட்டது. கேட்ட சத்தம். கூட்டிய ரேடியோ. எனக்காக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் பாதியில் ஒரு இடத்தில், "நான் டிப்புலதான் இருக்கேன்னு" என்று வாய் தானாக ஆரம்பித்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மேலாளர் நம்பவில்லை. நியாயம்தான், தன் கேஸில் தானே குற்றத்தை ஒப்புக்கொள்கிற துப்பறியும் ஆளை யார்தான் நம்புவார்கள்? வேன்கள் நிறுத்தும் இருட்டுக் கொட்டகைக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், சுவருக்கு எதிரே காரை நிறுத்தி டிப்பைப் போட்டேன். மஞ்சள் கீழே கிடந்தது. வெள்ளை கூரைக்கு ஏறியது. தலைமை ஆசிரியை அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் தானே போய் நின்று பார்த்தார், கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மேலாளர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நான்கு வரிகளைக் குறுக்காக அடித்தார்.

"போலீஸ்லயும் இதை எழுதிக் கொடுக்கணும் நீங்க," என்றார் என்னிடம்.

"இங்கேர்ந்து நேரா அங்கதாங்க போறேன்," என்றேன்.

டிரைவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீத்தண்ணி, பால். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அவர் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். அடிப்பார் என்றுதான் போனேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேனா?"

"ஆமாங்க."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். நீங்க கரெக்டா பார்த்திருக்கீங்க. கலர்கூடத் தப்பில்ல. நான்தான் பார்க்கல."

அவர் முகம் மெல்ல மெல்ல இளகியது. ஒரு வாரமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது இறங்கிப் போவதைக் கண்ணெதிரே பார்த்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றார். "ரொம்ப ரொம்ப நன்றி."

"அவருக்கு எதுக்குங்க நன்றி சொல்றீங்க?" என்றார் அவர் மனைவி.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குனிந்து அவர் கைகளை என் கைகளிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, நாற்காலியின் பிடிமேல் வைத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். நான் நீட்டிய கையோடு அங்கேயே நின்றேன்.